அட்டைக்குப் பின்னால் விழுந்த எண்

தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்வதற்கு அதிகம் இல்லை, சார். அதனால் என் குவார்ட்டர்ஸில் மூன்று பேர் உட்கார்ந்து, பேசியே நடிக்கிற ஒரு கதை விளையாட்டு விளையாடுவோம். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு வேஷம். கதையை நடத்துவதும், அதில் வருகிற மற்ற எல்லோராகவும் பேசுவதும் நான். விதியை ஒருநாளும் மீறியதில்லை. அதில் எனக்கு நல்ல பெயர்.

ஜேசுபாதம் எங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எவன் வாய் திறந்தாலும் அவனுக்குச் சந்தேகம். பழைய கொற்கையில் நடக்கிற எங்கள் கதையில் கருப்பட்டி விற்கிறவன் வணக்கம் சொன்னால்கூட, "பொய் சொல்லுதானா? உருட்டும் அண்ணாச்சி" என்பான்.

"வீட்டுலயும் இப்படித்தான். குழம்புல உப்புப் போட்டேன்னாலும் நம்ப மாட்டாரு" என்பாள் மூன்றாவது ஆளான அவன் மனைவி ஈவாஞ்சலின்.

அவன் அப்படிக் கேட்டால், இருபது முகப் பகடையை ஒரு மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டுவேன். பொய்யன் எவ்வளவு கெட்டிக்காரனோ அதற்கேற்ப ஓர் இலக்கு. விழுந்த எண் இலக்கைத் தொட்டால் "பொய்" என்பேன். தொடாவிட்டால், "உண்மை சொல்வதாகவே தெரிகிறது" என்பேன். எண்ணை ஆடுபவர்களுக்குக் காட்டுவதில்லை. காட்டினால் என்ன சுவாரசியம்?

அந்த ஞாயிறு, முத்துக் கிடங்கின் தலைவனாக நான் பேசிக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாக நான் கதையில் வளர்த்த கள்ளன். ஜேசுபாதம் உருட்டச் சொன்னான். இருபது விழுந்தது. பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

"அண்ணாச்சிக்குப் பொய்யே சொல்ல வரமாட்டேங்கு" என்றான். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவன் ஒரு தொட்டிக்குள் இறங்கிக் கழுவ வேண்டும். உள்ளே விஷவாயு இல்லையென்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மீட்டரில் சார்ஜ் இல்லை. போன வாரத்து அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் தாளைப் பார்த்தான். "நெசமா கேஸ் பாத்தீரா அண்ணாச்சி?"

"பாத்தாச்சுலே."

"பெறவு ஏன் முழிக்கீரு? ஒரு உருட்டு உருட்டும்."

பகடை என் சட்டைப் பையில்தான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் மறைவில் உருட்டினேன். பார்த்தேன்.

"உண்மை சொல்வதாகவே தெரிகிறது."

"அப்ப சரி. நீரு வாயால பொய் சொன்னாலும் சொல்லுவீரு. உருட்டுல சொல்ல மாட்டீரு."

இறங்கினான். ஏணியில் ஆறாவது படிக்கு அப்புறம் சத்தம் இல்லை. மற்றவர்கள் கயிறு போட்டுத் தூக்க இருபது நிமிடம் ஆயிற்று.

பிணவறை வாசலில் ஈவாஞ்சலின் அழவில்லை. தொட்டியருகே நின்றவர்கள் நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். "என்ன விழுந்துச்சு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். ஆடுகிறவர்களிடம் எண்ணைச் சொல்வதில்லை என்றேன்.

நீங்கள் ஆடுகிறவர் இல்லை, உங்களிடம் சொல்லலாம். விழுந்தது பதினேழு. இலக்கு பதினெட்டு.

பதினேழு என்று பார்த்த பிறகுதான் பதினெட்டு என்று வைத்தேன். அதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை, சார்.