கோலி இறங்குற நேரம்

இல்லம்மா, உங்க மக சண்டையும் போடல, எதையும் திருடவும் இல்ல. நீங்க முதல்ல உக்காருங்க. வேலை நேரத்துல பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுட்டேன், தெரியும். அய்யய்யோ, அந்த நாற்காலி வேணாம், அது ஒரு காலு ஆடும். இப்படி வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா? சரி, விடுங்க.

அதோ அந்தச் செவுத்தைப் பாருங்களேன். அட்டைக் குழாய், பாதியா வெட்டின பைப்பு, உடைஞ்ச ஸ்கேலு, எல்லாம் எங்க பசங்க ஒட்டினது. மேல கோலியைப் போட்டா வளைஞ்சு வளைஞ்சு உருண்டு வந்து கீழ இருக்கற டப்பாவுல விழணும். எவ்வளவு லேட்டா விழுதோ அவ்வளவு மார்க்கு. எங்கயாவது நின்னுடுச்சுன்னா முட்டை. என்னது, விளையாட்டா? நல்லா இருக்கே! எந்த அளவுக்குச் சரிவு வைக்கறதுன்னு கணக்குப் போடணும். துணி ஒட்டினா ஏன் மெதுவாகுது, அது அறிவியல். தினமும் என்ன நடந்துச்சுன்னு கட்டுரை வேற. ஒரு வாலு எழுதியிருக்கான், கோலிக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரலைன்னு.

வர்றேம்மா, விஷயத்துக்குத்தான் வர்றேன். கொஞ்சம் பொறுங்க.

நேரம் பாக்கணும்ல? கடிகாரம் இருக்கு. கடிகாரம் இல்லாத காலத்துல என்னதான் பண்ணியிருப்பாங்க, யோசிக்கட்டுமேன்னு நான்தான் சொன்னேன், மணிக்கட்டுல விரலை வைங்கடா, நாடி துடிக்கும், கோலி விழுற வரைக்கும் எண்ணுங்கடான்னு. எல்லாம் என் அதிமேதாவித்தனம். ஆளாளுக்கு நாற்பதுங்கறாங்க, நாற்பத்தஞ்சுங்கறாங்க. உங்க மக எழுபத்தஞ்சுன்னா.

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சிடுச்சு. கண்ணாடி போட்டவன் ஒருத்தன் இருக்கான், புளுகுமூட்டைன்னு கத்துறான். அவனை ஒரு அதட்டு அதட்டினேன், அது வேற. இவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு எண்ணத் தெரியலடி, பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்து சரி பண்ணிக்கோன்னேன். எனக்கு எப்பவும் வாய் முந்திக்கும்மா. மறுநாள்லேருந்து டாண்ணு நாற்பத்திரண்டு, நாற்பத்தொண்ணுன்னு வந்துச்சு. சமத்துன்னு முதுகுல தட்டிக் குடுத்தேன்.

ஏம்மா, வீட்டுல மாடிப்படி ஏறினா அவளுக்கு மூச்சு வாங்குதா? அப்படியா... இங்கயும் ஸ்டூல்ல ஏறச் சொன்னா மாட்டா. நான் கீழயே கோலி பொறுக்கறேன் டீச்சர்ம்பா. மழுப்புறா, சோம்பேறிக் கழுதைன்னு நெனச்சேன். என்னைச் சொல்லணும்.

இருங்க, எழுந்திரிக்காதீங்க, சொல்லிடறேன். இன்னைக்குக் காலைல ஒரு பொண்ணுக்கு நாடியே தட்டுப்படல. சரி வாங்கன்னு வரிசையா ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுக் காட்டிட்டு வந்தேன். உங்க மக மட்டும் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டா. குடுடின்னு இழுத்துப் பிடிச்சேன். ஓடல, ஆடல, வந்ததுலேருந்து உக்காந்தே இருந்த புள்ளம்மா. என் விரலுக்கடியில படபடபடன்னு அடிக்குது. என்னால எண்ணவே முடியல. கடிகாரத்தைப் பாத்து மறுபடி எண்ணினேன், மத்த பசங்களுக்கு அடிக்கறதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. அன்னைக்கு அவ சொன்னதுதாம்மா சரி. அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் எங்களுக்காகச் சொன்னது.

அழாதீங்க. ஆபீஸ் ரூம்ல படுக்க வெச்சிருக்கோம், நர்ஸம்மா கூடவே இருக்காங்க. நல்லாத்தான் பேசுறா. ஆனா ஆஸ்பத்திரிக்கு இப்பவே போயாகணும், நாளைக்குன்னு தள்ளக் கூடாது. வண்டி சொல்லியாச்சு, வந்துட்டிருக்கு. அது வர்ற வரைக்கும் நீங்க பதறிடக் கூடாதேன்னுதான் இவ்வளவு நேரம் வளவளன்னு பேசிட்டிருந்தேன்.

ஹாரன் அடிக்குது, வந்துடுச்சு. நானும் வர்றேம்மா. நான் வந்தே ஆகணும், அவ அங்க உண்மையைச் சொல்லமாட்டா. நீங்க வர்றதுக்கு முன்னாடி போர்வையைப் போத்திவிட்டப்போ மெதுவாக் கேக்கறா, டாக்டர் கேட்டா எத்தனைன்னு சொல்லணும் டீச்சர்னு.