சைரன் கேட்டது

ஞாயிறு காலை. ஒன்பது நாற்பத்தொன்று. சைரன்.

முதலில் நீளமாக ஒரு ஊளை. அப்புறம் விட்டு விட்டு. விட்டு விட்டு வந்தால் குண்டு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். வெளியே எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடுகிறார்கள். பூட்ஸ் சத்தம். சரளைக்கல் நொறுங்குகிற சத்தம். எண்ணெய்க் கிடங்கு பக்கம் ஒன்று விழுகிறது. தரை ஒரு முறை தூக்கிப் போடுகிறது.

நாங்கள் ஓடவில்லை. கோயிலுக்குள் பத்தொன்பது பேர் இருக்கிறோம். ஐயரோடு இருபது. ஆறு பேர் பீடத்தின் முன் முழங்காலில். ஐயர் கையில் திருவிருந்து அப்பத் தட்டு. நான் கதவருகே. கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அதைப் போட்டவன் நான்.

எஸ்தர், தானியேல், இதை உங்களுக்காக எழுதுகிறேன். அப்பா பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருக்கும். விஷயத்தில் தப்பு இல்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அப்போது நான் கூலாயில் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு குத்தகைக்காரர் வெளிநாட்டு அமைதிப் படை முகாமுக்கு ஓட்டுநர்கள் தேடினார். போனேன். அந்த நாட்டின் பெயரை எழுதமாட்டேன். என்னோடு வேலை செய்தவர்களின் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

என்னோடு பெக்கோக்கிலிருந்து முருகையா வந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். இருவருக்கும் ஒரே அறை. அவன் கட்டிலுக்கு மேலே முருகன் படம். என் கட்டிலுக்கு மேலே சிலுவை.

யோஹான் ஐயர் முகாமின் மூத்த படைப் போதகர். லுத்தரன். ஐரோப்பாவின் வடக்கே ஏதோ குளிர்நாடு. அப்போது மேஜர் பதவி. சிப்பாயாகச் சேர்ந்து, வேதம் படித்துப் போதகரானவர். கப்பலில் இருந்திருக்கிறார். பனிமலையில் இருந்திருக்கிறார். வேறு இரண்டு போர்களைப் பார்த்திருக்கிறார். நானும் லுத்தரன் என்று தெரிந்ததும் என்னைத் தன் வண்டிக்கு ஓட்டுநராகக் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கோயில்பிள்ளை வேலையும் என்னுடையது. மெழுகுவத்தி, மணி, கதவு.

நம் சபையில் போதகரை ஐயர் என்போம். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. முருகையாவுக்குச் சிரிப்பு தாங்காது. "என்னடா, ஒங்க ஐயர் பூணூல உள்ள போட்டிருக்காரா, வெளிய போட்டிருக்காரா?" என்பான்.

ஐயருக்கு ஒரு பெருமை உண்டு. எல்லோரிடமும் சொல்வார். தன் பணிக்காலத்தில் ஓர் ஆராதனையைக்கூடப் பாதியில் நிறுத்தியதில்லையாம். புயலில் கப்பல் சாய்ந்தபோதும் முடித்தாராம். பனியில் விரல் மரத்தபோதும் முடித்தாராம். நான் அதைக் கேட்டு மயங்கினேன். மறைக்கவில்லை.

திருவிருந்து எடுப்பவர்கள் சனிக்கிழமையே பெயர் கொடுக்க வேண்டும். எத்தனை பெயரோ அத்தனை அப்பம்தான் தட்டில். ஆசீர்வதித்த அப்பம் மீதியாகக் கூடாது. பெயர் கொடுத்தவர் எழுந்து போகவும் கூடாது. கூலாயில் நம் கோயிலில் திருவிருந்து தொடங்கினால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார்கள். சின்னதிலிருந்து பார்த்தவன் நான். அங்கேயும் அதையே செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. இரண்டு இரும்புக் கண்டெய்னர்களை ஒட்டவைத்துக் கட்டிய கோயில் அது. ஒரே கதவு.

ஒன்பது நாற்பத்திரண்டு. இரண்டாவது குண்டு. இன்னும் கிட்டே. கூரையிலிருந்து துரு கொட்டுகிறது. கிண்ணத்தில் விழாமல் ஐயர் கையால் மூடுகிறார். மூன்றாம் வரிசையில் ஒரு சிப்பாய் எழுகிறான். ஐயர் அவனைப் பார்க்கிறார். உட்கார்ந்துவிடுகிறான்.

ஐயர் ஆங்கிலத்தில் சொன்னார். குரல் ஏறவில்லை. "முடித்துவிட்டுப் போவோம். யாரும் எழ வேண்டாம்."

யாரும் எழவில்லை.

கதவில் அடி. உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். அப்புறம் முஷ்டி. இரும்பு அதிர்கிறது. முருகையாவின் குரல்.

"கதவத் தொறடா! சைரன் அடிக்குதுடா! எல்லாரையும் வெளிய விடு!"

அவன் அப்போதே பதுங்குகுழிக்குள் போய்விட்டிருந்தான். அங்கே ஆள் எண்ணினார்கள் என்று குழியில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். நான் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தான். குழிக்கும் கோயிலுக்கும் நடுவே எண்பது அடி. மறைப்பே கிடையாது. அதைக் கடந்து வந்திருக்கிறான்.

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. ஐயரைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தார். ஒரு முறைதான். அடுத்தவன் நாக்கில் அப்பத்தை வைத்தார்.

நான் கையை எடுக்கவில்லை. தாழ்ப்பாளை இழுக்கவும் இல்லை. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஆறு அடி. வெளியே அவன் அடித்த ஆறு அடி. எண்ணினேன். ஏழாவது வரவில்லை.

மூன்றாவது குண்டு வாசலில் விழுந்தது. கதவு உள்பக்கமாக வளைந்து என்னைத் தள்ளியது. நான்காவது கூரையின் மூலையில். வெளிச்சம். அப்புறம் சத்தமே இல்லை. என் இடது காது அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஐயர் நெற்றியில் கட்டோடு வந்தார். என் கையைப் பிடித்து ஜெபம் பண்ணினார். அப்புறம் விசாரணையைப் பற்றிப் பேசினார். பாட்டு பாடிக்கொண்டிருந்ததால் சைரன் கேட்கவில்லை என்று தான் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இறந்தவர்களின் தாய்மார்களுக்கு அதுவே ஆறுதல் என்றார். முருகையாவைப் பற்றி வேறொரு காகிதம் இருந்தது. பயத்தில் உத்தரவை மீறிக் குழியை விட்டு ஓடியவர். அப்படி அதில் எழுதியிருந்தது.

படித்தேன். புரிந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அந்தப் பயம்தான் கையெழுத்துப் போட்டது.

அதற்குப் பிறகு ஐயர் பதவியில் ஏறினார். சபைப் பத்திரிகையில் படம் வரும். லெப்டினன்ட் கர்னல். கர்னல். தன் நாட்டுப் படையின் எல்லாப் போதகர்களுக்கும் தலைவர். குண்டு விழுந்தபோதும் திருவிருந்தை நிறுத்தாத போதகர் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினார்கள். ஒவ்வொரு படத்திலும் மார்பில் ஒரு பதக்கப் பட்டை கூடியிருக்கும். நான் பத்திரிகையை மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிடுவேன். அதை எடுத்துத்தான் எஸ்தர், நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாய். 'என் தந்தையும் ஒரு வீரரும்' என்று தலைப்பு வைத்தாய். பரிசும் வாங்கினாய். நான் கைதட்டினேன்.

போன மாதம் அவர் கூலாய் வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார். உலகம் சுற்றிக் கோயில் கோயிலாகச் சாட்சி சொல்கிறார். நம் கோயிலில் இடமில்லாத கூட்டம். மாலை போட, எஸ்தர், உன்னை நிறுத்தியிருந்தார்கள். போட்டாய்.

அவர் பேசினார். நம் போதகர் தமிழில் சொன்னார். சைரனே கேட்காத அளவுக்குப் பாடினோமாம். வெளியே ஒரு வேலைக்காரன், பாவம், கர்த்தரை அறியாதவன், பயந்துபோய் ஓடிச் செத்தானாம். உள்ளே விசுவாசத்தோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்களாம். இதோ அந்தச் சகோதரன் என்று என்னைக் காட்டினார்.

எழுந்தேன். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் தமிழில்தான் வந்தது.

"சைரன் கேட்டுச்சு ஐயர். நீங்களும் கேட்டீங்க. அவன் எங்களக் கூப்புட வந்தான். நீங்க தலையாட்டினீங்க. நான் கதவத் தொறக்கல."

நம் போதகர் அதை மொழிபெயர்க்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் என் சட்டையை இழுத்தார். "உக்காருங்க லா, ஆராதனை நடக்குது," என்றார். கர்னல் ஐயர் என்னைப் பார்த்தார். மொழி தேவைப்படவில்லை. அவருக்குப் புரிந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். அன்றைக்கும் அவர் ஆராதனையை நிறுத்தவில்லை.

அதிலிருந்து நம்மோடு யாரும் பேசுவதில்லை. உங்களுக்கும் தெரியும். எஸ்தர், நீயும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஆராதனைக்கு மறுநாள் பெக்கோக் போனேன். முருகையாவின் மனைவி லெட்சுமி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அழவும் இல்லை.

"பயந்து ஓடுனவன் பொண்டாட்டின்னு சொல்லித்தான் இந்த ஊர்ல என்னைய கூப்புடுவாங்க. எம்மவன் அதுக்காகப் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்தான், அடிச்சிட்டும் வந்தான். நீங்க எங்க இருந்தீங்க? கூலாய்லதான? பஸ்ஸு இல்லியா?"



மன்னிப்புக் கேட்டேன். அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அப்புறம் வாசல் வரை வந்தார்.

"வாயால சொன்னா காத்துல போயிரும். எழுதிக் குடுங்க. எத்தன பேரு, யாரு யாரு, எப்பிடின்னு எழுதுங்க. அவரு எந்தப் பக்கமா ஓடுனாருன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஒரு பிரதி லெட்சுமிக்கு. ஒன்று நம் சபைக்கு. ஒன்று கர்னல் ஐயரின் நாட்டுப் படைக்கு, ஆங்கிலத்தில், தானியேல் உதவியோடு. இது உங்களுடையது.

கணக்கு இது.

உள்ளே இருந்தவர்களில் இறந்தவர்கள் நான்கு பேர். பீட்டர், சமையல் கூடம். அப்பம் வாங்கியிருந்தார். ஆன்டர்ஸ், சிப்பாய், இருபத்திரண்டு வயது. எழுந்து மறுபடி உட்கார்ந்தவன். வாங்கவில்லை. யோனா, மின்வேலை. வாங்கவில்லை. மார்த்தா, ஆஸ்பத்திரித் தாதி. முழங்காலில் இருந்தார்.

காயம் ஒன்பது பேர். அதில் இருவருக்குக் கால் இல்லை.

உடைந்தது: பீடம், கிண்ணம், கூரையில் பாதி. தட்டில் மீதியான அப்பம் ஐந்து.

வெளியே இறந்தவர் ஒருவர். முருகையா, வயது முப்பத்தொன்று, பெக்கோக். குண்டு விழுந்தபோது அவர் முகம் கதவைப் பார்த்து இருந்தது. இரண்டு கைகளும் கதவின் மேல் இருந்தன.

பயந்து ஓடியவர் யாருமில்லை.