டிக்கெட் இல்லாத சர்க்கரை

– அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஐ.சி.யு.ல கெடந்தப்ப எனக்கு வாயில பச்சைத் தண்ணி படலை. கையில ஏத்துனது வெறும் உப்புத் தண்ணி. அப்புறம் முந்நூத்தி நாப்பது சர்க்கரை எந்த ஸ்டாப்புல ஏறுச்சு?

– அதைச் சொல்லத்தான் வந்தேன் மாமா.

– மாமா இல்லை. சார்.

– சரிங்க சார்.

– புதுக்கோட்டை விராலிமலை ரூட்டுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். டிக்கெட் இல்லாம ஒருத்தன் பஸ்ஸுல நிக்கிறான்னா, ஒண்ணு ஏறுனவன் திருடன், இல்லாட்டி ஏத்துனவன் திருடன். நான் நெனவில்லாம கெடந்தேன், ஆக நான் இல்லை. அன்னிக்கு என்னைய பாக்க உள்ள வந்தது யாரு?

– நான்தாங்க சார்.

– என்னன்னு சொல்லி வந்த?

– மகன்னு.

– எனக்கு இருக்கறது பிரின்சி ஒருத்திதான்.

– வருங்கால மருமகன்னு சொன்னா வெளிய உக்காரச் சொல்லிருவாங்கன்னு தோணுச்சுங்க சார்.

– ஒங்க அப்பாவுக்கு என்ன கடை?

– திருக்கோகர்ணத்துல ஸ்வீட் ஸ்டால்.

– அன்னிக்குக் கையில என்ன வச்சிருந்த மெல்வினு?

– முட்டை மாஸ். முட்டையும் சர்க்கரையும் போட்டு எங்க கடையில செய்யிற இனிப்பு. நர்சுங்களுக்குக் குடுக்க.

– இப்ப கையில?

– அதேதான். நீங்க வார்டு மாறிட்டீங்கள்ல, இங்க நர்சுங்க வேற.

– கட்டில்ல வை அந்தப் பெட்டியை. கையில வச்சு ஆட்டிக்கிட்டே பேசுனா எனக்குக் கவனம் செதறுது. ம், இன்னும் இங்கிட்டுத் தள்ளி. பிரின்சி என்ன சொல்றா?

– ஒண்ணும் சொல்லலை, அதாங்க பிரச்சினை. போனை எடுக்கறதில்லை. ‘அப்பாவைக் கொல்லப் பாத்தவங்க நல்லா இருக்கட்டும்’னு ஸ்டேட்டஸ் மட்டும் வச்சிருக்கு. பேரு போடலை. பின்னாடி ஜிலேபி படம் போட்டிருக்கு.

– எம் மக நாகரிகமான பொண்ணு. இப்ப வந்துருவா, ரிப்போர்ட் வாங்கத்தான் போயிருக்கா. அவ வாரதுக்குள்ள ஒம்மேல தப்பு இல்லைன்னு எனக்குப் புரிய வை. இல்லைன்னா நீ வேற ரூட்டு பாத்துக்க. சொல்லு, ஏத்துனது யாரு?

– கல்லீரல்ங்க சார்.

– யாரு கல்லீரலு?

– உங்களோடதுதான்.

– என் வயித்துக்குள்ள ஒக்காந்துக்கிட்டு எனக்கே துரோகமா?

– டாக்டர் சொன்னாரு. நான் அவரை விடாமப் பிடிச்சுக் கேட்டேன். உங்க கால்ல ஆணி குத்துச்சுல்ல.

– ஊரு பாஸ்கா நாடகத்துல. ரோமாபுரிச் சேவகன் வேஷம்.

– ஏசுவுக்கு அடிக்கக் கொண்டுபோன ஆணி மேடையில விழுந்து, அதை நீங்களே மிதிச்சு…

– அதைத்தான் ஊரே சொல்லிச் சிரிக்குது. மேல போ.

– ஏற்கெனவே சர்க்கரைக் காலு. மஞ்சளை அப்பிக்கிட்டு நாளை ஓட்டுனீங்க. புண்ணு வழியா கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. செப்சிஸ்னு பேரு. கிருமியை அடிக்கிறேன்னு எறங்குன ஒடம்பு, கண்ணு மண்ணு தெரியாம தன்னையே போட்டு அடிக்கிறதாம்.

– சரி. இதுல கல்லீரலு எங்க வருது?

– கல்லீரல்தாங்க சார் டிப்போ. சாப்பிட்ட சர்க்கரை அங்கிட்டுப் போயி நிக்கும். பசிக்கிற நேரத்துல ஒண்ணொண்ணா வெளிய வரும். இன்சுலின்தான் டிப்போ மேனேஜர். ரோட்டுல வண்டி போதும்னு அவரு சொன்னா கேட்டைச் சாத்திரணும்.

– நல்ல டிப்போ. ம்.

– கிருமி ஏறுனதும் ஒடம்பு பூராம் கலவரம். இருக்கற வண்டியெல்லாம் எடுன்னு எல்லாப் பக்கமிருந்தும் கத்துறாங்க. டிப்போவும் நின்ன வண்டியை மொத்தமா எடுத்து விட்டுருச்சு. அது தீந்ததும், தசையைக் கழட்டிப் புது வண்டி கட்டி விட ஆரம்பிச்சிருச்சு.

– எந்தத் தசையை?

– உங்க தொடை, தோளு.

– அதான் இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது. மேனேஜர் என்ன செஞ்சாரு?

– போதும் போதும்னு கத்துனாரு. ஒருத்தரும் காதுல வாங்கலை.

– எங்க டிப்போவுலயும் அப்படித்தான். ம்ம்.

– சார், வாய் அசையுதே. வலிக்குதா?

– செபமாலை சொல்றேன். நீ பேசு.

– போர்வைக்குள்ளயா?

– மாதாவுக்குப் போர்வைக்குள்ளயும் கண்ணு தெரியும். வண்டி வெளிய வந்துச்சு. அப்புறம்?

– ஸ்டாப்புல கதவு தொறக்கலை. சர்க்கரை தசைக்குள்ள எறங்கணும், எறங்க விடலை. எல்லாம் ரோட்டுலயே நின்னுருச்சு. அதைத்தான் அந்த மிஷினு முந்நூத்தி நாப்பதுன்னு காட்டுச்சு.

– தீபாவளிக்கு மொத நாள் கீழ ராஜ வீதி மாதிரி.

– அதேதான். டிப்போவுக்கும் அதனால கேடு. கல்லீரலுக்கு வண்டி விடுறது மட்டும் வேலை இல்லைங்களே. ரத்தத்துல சேர்ற அமிலத்தைக் கழுவணும், விஷத்தை முறிக்கணும், கிருமியைப் பிடிக்கணும். ரத்தத்துல சர்க்கரை தேங்கத் தேங்க உள்ள இருக்கற ஒர்க்‌ஷாப்பே மக்கர் பண்ணுமாம். கழுவுற வேலை கெடந்துரும். கொழுப்பை மட்டும் கொண்டாந்து ஷெட்டுல அடுக்குமாம். உங்க கண்ணு மஞ்சளாச்சே, அதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னாரு.

– ஆக, டிப்போ தானா வண்டியை விட்டு, தானா மாட்டிக்கிச்சு. ம்ம்ம்.

– என்னங்க சார், சரியா கேக்கலை.

– அருள் நிறைந்த மரியேன்னேன். நடுவுல குறுக்கிடாத. அப்ப சர்க்கரையை ஒரேயடியா எறக்கிவிட வேண்டியதுதானே?

– ரொம்ப எறக்கிட்டா ரோட்டுல ஒத்த வண்டி இல்லாம மூளை நின்னு போகுமாம். அதனால இன்சுலினைச் சொட்டுச் சொட்டா விட்டு, நூத்தி எண்பதைத் தாண்டாம பாத்துக்கிட்டாங்க. கிருமிக்குக் குடுத்த மருந்து வேலை செஞ்சதும் டிப்போ அடங்கிருச்சு. அன்னிக்கு நான் உங்களுக்கு ஒரு துண்டு ஊட்டலைங்க சார். நீங்க கெடந்த கெடையைப் பாத்துட்டு, பெட்டியை நர்சுகிட்ட குடுத்துட்டு ஓடியாந்துட்டேன்.

– அழுதியோ?

– வெளிய வந்துதான்.

– ம். ஒம்மேல தப்பு இல்லை. பிரின்சிகிட்ட நானே சொல்றேன்.

– ரொம்ப நன்றிங்க மாமா.

– சார்.

– சார். அப்ப இந்த ஆவணியில கல்யாணத்தை…

– டிக்கெட்டு எடுத்தவன் கையில ஸ்டீயரிங்கையா குடுப்பாங்க? நீ திருடன் இல்லைன்னுதான் சொன்னேன். மருமகன்னு சொல்லலை. ஸ்வீட் கடைக்காரன் வீட்டுல சர்க்கரைக்காரன் சம்பந்தம் பண்றது யோசிக்க வேண்டிய விஷயம். அடுத்த ஆவணி வரட்டும். இல்லாட்டி அதுக்கு அடுத்தது.

– அப்பா, ரிப்போர்ட் வந்துருச்சு. இவரு ஏன் இங்க உக்காந்திருக்காரு?

– வா பிரின்சி. தம்பி நல்ல புள்ளைதான். அன்னிக்குச் சர்க்கரை ஏறுனதுக்கு என் கல்லீரலு காரணம்.

– தெரியும். டாக்டர் எங்கிட்டயும் இப்பதான் சொன்னாரு. ஸ்டேட்டஸை எடுத்துட்டேன். சாரி மெல்வின்.

– பரவாயில்லை பிரின்சி. ஜிலேபி படம் எங்க கடையோடது இல்லை, அது ஒண்ணுதான் வருத்தம்.

– அப்பா, ரத்தத்துல கிருமி சுத்தமா இல்லையாம். கல்லீரலும் ஒழுங்கா வேலை செய்யுதாம். நாளைக்கு வீட்டுக்குப் போலாம். வீட்டுல நான்தான் சர்க்கரை பாக்கணுமாம், மிஷினு வாங்கியாந்துட்டேன். விரலை நீட்டுங்க.

– இப்ப எதுக்கு ஆத்தா? சாயங்காலம் பாப்போம்.

– பழகிப் பாக்கறேன். நீட்டுங்க. என்ன இது, விரலெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு?

– மெழுகுவத்தி ஏத்துனேன்.

– ஆக்சிஜன் வார்டுல?

– மனசுக்குள்ள ஏத்துனேன்.

– சோப்புப் போட்டுக் கழுவி, தொடச்சிட்டுத்தான் குத்துவேன். ஆடாதீங்க. ஆச்சு. காலையில நர்சு பாத்தப்ப நூத்தி நாப்பது. இது முந்நூத்திப் பன்னண்டு காட்டுது.

– கல்லீரலு. டிப்போ கேட்டைத் தொறந்துருச்சு போல. தம்பி, நீ இவளுக்கு எடுத்துச் சொல்லு.

– என்னத்தங்க சார் சொல்றது? கிருமி இல்லை, கலவரம் இல்லை. இன்னிக்கு டிப்போ லீவு.

– போர்வையைத் தூக்குங்க அப்பா.

– குளுருது.

– தூக்குங்க. இது யாரு பெட்டி?

– என்னோடதுதான் பிரின்சி. வரும்போது நெறைஞ்சு இருந்துச்சு.

– மறுபடியும் நீங்கதானா? இப்பதான சாரி கேட்டேன் உங்ககிட்ட. நாளைக்கு வீட்டுக்குப் போற மனுசனுக்கு நீங்களே ஊட்டிவிட்டீங்களா?

– நான் வாயைத் தொறக்க மாட்டேன். செபமாலை சொன்னவரு சொல்லட்டும்.

– டாக்டர்தான் தினம் முட்டை சாப்பிடச் சொன்னாரு.

– அப்பா. யாரு குடுத்தது? உண்மையைச் சொல்லலைன்னா அம்மாவுக்குப் போன் போடுறேன். அவங்க கேப்பாங்க.

– ஒங்கம்மா எதுக்கு இப்ப? யாரும் குடுக்கலை, நானாத்தான் எடுத்துச் சாப்பிட்டேன். கல்யாணம் பேசி முடிச்சா வாயில இனிப்பு போடுறது முறைதானே ஆத்தா. இந்த ஆவணிக்கே ஒங்க ரெண்டு பேருக்கும் முடிச்சாச்சு. பெட்டியில ஒரு துண்டு மிச்சம் இருக்கும், நீங்களும் எடுத்துக்கங்க மாப்பிள்ளை.