என் பேயை அவள் எடுத்துக்கொண்டாள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, பொங்கோல் ரயிலில் என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சட்டென்று சொன்னாள்:

“என் பேயை அவ எடுத்துக்கிட்டா லா.”

அவள் கழுத்து அட்டையைப் படித்தேன். ஃபோர்ட் கேனிங் பூங்காவில் இரவுப் பேய்ச் சுற்றுலாவுக்கு வழிகாட்டி.

“எந்தப் பேய்?” என்றாள் தோழி.

“படிக்கட்டுல உட்கார்ந்து தலை வாருமே, அதான். நான் சொன்னப்ப எல்லாரும் போனைத்தான் பார்த்தாங்க. அந்தப் புது கைடு சொன்னா, பேயைப் பார்த்துட்டேன்னு அலறுறாங்க.”

“அது நீயா கட்டிவிட்ட கதைதானே?”

“அதான் வயிறு எரியுது! நேத்து அவ டூருக்கே டிக்கெட் எடுத்துப் போனேன். கூட வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுச்சாம். பெத்தவ நான், எனக்கு மட்டும் முகத்தைக் காட்டல.”