பாமாவின் பாஸ்போர்ட்

விசாவுக்கு எடுக்கும் புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. வாய் மூடியிருக்க வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், பின்னால் வெளிர் நிறத் திரை வேண்டும். பிரேசர் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் என் மனைவி பாமாவை உட்காரவைத்தபோது மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று.

"மேடம், ஸ்மைல் பேடா," என்றார் ஸ்டுடியோக்காரர். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம்.

"சிரிக்கலைப்பா, என் மூஞ்சியே அப்படித்தான்," என்றாள் பாமா. சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக என் விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். பெயர் சேஷகிரி. வயது அறுபத்தாறு. மாநில அரசுப் பணியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். அல்சூர் ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு. என்மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை. என் மேஜையிலிருந்து எந்தக் கோப்பும் விதிக்குப் புறம்பாக நகர்ந்தது கிடையாது. நகராமல் இருந்தது உண்டு. அது வேறு விஷயம்.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்ரீரஞ்சனி. கல்யாணமாகி ஜெர்மனியில் பிரெமன் என்ற ஊரில் இருந்தாள். மாப்பிள்ளை சுனிலுக்குக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கிற வேலை. இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று பிப்ரவரியில் செய்தி வந்தது. பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும் என்றாள். நியாயமான ஆசைதான். நான் ஆட்சேபிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை.

நீங்களும் போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எடுக்கத் தோன்றவில்லை. வீடு என்று ஒன்று இருக்கிறபோது மனிதன் ஏன் அதைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்?

மே மாதம் மகளுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். எப்போது வேண்டுமானாலும் ரத்தப்போக்கு வரலாம், தனியாக இருக்கக் கூடாது என்றார்களாம். மகள் வீடியோ அழைப்பில் என்னிடமே பேசினாள்.

"அப்பா, சுனில் கடலுக்குப் போயிட்டா ரெண்டு வாரம் நான் ஒண்டிதான். அம்மாவச் சீக்கிரம் அனுப்பிடுங்கோப்பா."

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா. பேப்பர் எல்லாம் ரெடி பண்றேன்," என்றேன். செய்தேன். பயணக் காப்பீடு, டிக்கெட் முன்பதிவு, என் ஓய்வூதியச் சான்று, கல்யாணப் பதிவுச் சான்று, இரண்டு பிரதிகள், வரிசை எண் போட்டு. மகள் அங்கே அலுவலகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பொறுப்பேற்புக் கடிதத்துக்கு மட்டும் அசல் வேண்டும் என்பது விதி. நான் நகலை வைத்தேன். அசல் பத்திரமாக என் அலமாரியில் இருந்தது. விண்ணப்ப மையத்தில் அசல் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தேதி நான்கு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. பாமா ஆட்டோவில் வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள், கிளம்பும்போது தான் சரிபார்க்கவில்லை என்று. நான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்கிறேன். ஜனவரியில் பாமா மைசூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நாலு நாள் போனாள். அந்த நாலு நாளும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டலில் சாப்பிட்டேன். பால் தானாக வந்தது. ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம் நான் வாய்விட்டு ஏதோ கேட்டேன், பதில் சொல்ல ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. நாலு நாளுக்கே அப்படியென்றால் மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று ஒரு நிர்வாகி யோசிக்காமல் இருக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. அவள் கைப்பேசியில் ஜெர்மன் வார்த்தைகள் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். காலை வணக்கத்துக்குப் பால்காரரிடம் "குட்டன் மார்கன்" என்பாள். அவர் "ஏனம்மா அது?" என்று கன்னடத்தில் கேட்பார், என்னம்மா அது என்று. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவளிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதில் எனக்கு இடம் இல்லை. இதைப் பொறாமை என்று எழுத வேண்டாம். ஒரு கவனிப்பு, அவ்வளவுதான்.

ஜூனில் இரண்டாவது விண்ணப்பம். இந்த முறை எல்லாம் அசல். அதனால் நான் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். நலம் விரும்பி என்று கையொப்பம். இந்தப் பெண்மணி குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாகத் தங்கிவிடுவார் என்று உறவினர் வட்டத்தில் பேச்சு இருக்கிறது என்று எழுதினேன். உறவினர் வட்டம் என்றால் நான்தான். பேச்சும் என் மனதுக்குள் இருந்ததுதான். ஆனாலும் ஒரு குடிமகன் தன் அச்சத்தைத் தெரிவிப்பது தவறு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தது. திரும்பி வரும் எண்ணம் உறுதிப்படவில்லை என்று ஒரு கட்டத்துக்குள் குறியிட்டிருந்தார்கள். பாமா அதைப் பலமுறை படித்தாள்.

"ஏன்னா, நான் திரும்பி வரமாட்டேன்னு இவாளுக்கு யார் சொன்னா? உங்களை விட்டுட்டு நான் எங்கே போகப்போறேன்?"

அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ராத்திரி ரசம்கூட நன்றாக இருந்தது.

அத்துடன் அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. எதிர்வீட்டில் மௌரீன் என்று ஓய்வுபெற்ற டீச்சர் இருக்கிறார். அவருடைய கணினியில் உட்கார்ந்து இருவருமாக மூன்றாவது விண்ணப்பத்தைத் தயாரித்தார்கள். என்னைக் கேட்கவே இல்லை. ஜெர்மன் டாக்டரின் கடிதம், வீட்டுப் பத்திரத்தின் நகல், பாமாவே எழுதிய ஒரு கடிதம். அதை எனக்குப் பிறகு காட்டினாள். 'என் கணவருக்கு என்னைத் தவிர யாருமில்லை. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூடத் தெரியாத மனிதர் அவர். ஆகவே நான் கட்டாயம் திரும்பி வருவேன்' என்று எழுதியிருந்தாள். சொற்பிழை இருந்தது. எனக்கு என்று எழுதியது தனக்கு என்று இருந்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அது ஏற்கெனவே போயிருந்தது. அந்தக் கடிதத்தை நம்பித்தான் விசா கொடுத்தார்கள் போல. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நவம்பர் பதினான்கு வரை. ஆகஸ்ட் இரண்டாம் தேதிக்கு டிக்கெட்.

ஜூலை இருபத்து நாலாம் தேதி காலை பத்தரை மணிக்குக் கொரியர் வந்தது. பாமா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"சார், பாமா சேஷகிரி மேடம் வூடு இதானே?"

"ஆமாம். நான் அவ ஹஸ்பெண்ட். அவ குளிச்சிண்டிருக்கா."

"பாஸ்போர்ட்டு சார். வெளியூரு போறாங்களா? நல்லபடியா போய்ட்டு வரச் சொல்லுங்க."

அந்த ஆளின் பெயர் பிரகாஷ் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நீட்டிய தாளில் ஒரு சுருக்கொப்பம் போட்டுவிட்டு உறையை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் என் ஓய்வூதியக் கோப்பில், பணிப் பதிவேட்டுக்கும் கடைசி ஊதியச் சான்றுக்கும் நடுவில் வைத்தேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. ஒரு மூலைகூட மடங்கவில்லை.

கொரியர் வந்துடுத்தா என்று அவள் கேட்டபோது வரவில்லை என்றேன். நாலு நாள் கழித்து அவள் கொரியர் அலுவலகத்துக்குப் போனாள். கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அவள் இங்கே உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். நானும் உடன் வந்தேன். யாரும் வரவில்லை என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி சொல்கிறார் என்றதும் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

பாஸ்போர்ட் அலுவலகத்திலும் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பாமா கேட்டாள். கூடாது, அப்படிக் கொடுத்தால் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிடுவார்கள், விசாவும் வீணாகிவிடும், பொறுத்துப் பார்க்கலாம் என்று தடுத்தவன் நான்தான். நான் தடுத்ததால்தான் அந்தப் பாஸ்போர்ட் இன்றும் செல்லுபடியாகிறது. எனக்குச் சாதகமானதையும் எழுதிக்கொள்வது முறை.

பிரகாஷை மூன்று நாள் இங்கே வைத்து விசாரித்தீர்கள். வேலை போய்விட்டது. இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை என்று அவர் மனைவி சொன்னாள். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. அது உங்கள் அலுவலகத்தின் விஷயம்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி விமானம் பாமா இல்லாமல் போயிற்று. ஒன்பதாம் தேதி சுனில் கடலில் இருந்தான். மகள் சமையலறையில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெகுநேரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். குழந்தையை அறுவை செய்து உயிரோடு எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. மகளுக்கு நினைவு திரும்பவில்லை. சுனில் கரைக்கு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான்.

பாமா அழவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "அந்தக் கொரியர்காரன்கிட்ட நான் கெஞ்சிக் கேக்கறேன். கால்ல விழறேன். எங்கே வெச்சிருக்கான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ," என்றாள். என் அலமாரி அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது.

அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். புகார் நிலுவையில் இருக்கிறது. ஒருவர் விசாரணையில் இருக்கிறார். ஒரு நடவடிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து குழப்பக் கூடாது என்பது என் அனுபவம். தவிர, இரண்டு நாளில் மகள் போய்விட்டாள். அதன்பிறகு அவசரம் என்று ஒன்றும் இல்லை.

தகனத்தைக் கைப்பேசியில் பார்த்தோம். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. பாமா திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சூடான பால் கொண்டுவந்து கொடுத்தேன். நானே காய்ச்சியது. இதுவும் உண்மை.

இருபதாம் தேதி பிரகாஷின் மனைவி சரசு லிங்கராஜபுரத்திலிருந்து வந்தாள். நான் கதவைத் திறந்திருந்தால் பேசி அனுப்பியிருப்பேன். பாமா திறந்துவிட்டாள்.

"அம்மா, உங்க பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். இந்த நேரத்துல வரக்கூடாதுதான். ஆனா எங்க வூட்டுக்காரரு திருடன் இல்லீங்கம்மா. ஆபீசுல கெஞ்சிக் கூத்தாடி அந்த அசல் தாள வாங்கினு வந்திருக்கேன். போலீசுக்கு ஜெராக்ஸ்தான் குடுத்தாங்களாம். நீங்களே பாருங்க, யாரு கையெழுத்துன்னு."

பாமா தாளை வாங்கிப் பார்த்தாள். கறுப்பு நகலில் அது வெறும் கிறுக்கல். அசலில் பச்சை மை. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்திடுவது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் என் சட்டைப்பையில் அந்தப் பேனாதான். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. கையெழுத்தை மாற்றிப் போட்ட எனக்கு மையை மாற்றத் தோன்றவில்லை. பழக்கம்.

அவள் நேராக அலமாரிக்குப் போனாள். இருபது நிமிஷம் ஆயிற்று. ஓய்வூதியக் கோப்பைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். கோப்பை அப்படியே தரையில் போட்டுவிட்டாள். பிறகு சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, ஸ்டேஷனுக்குப் போலாம்," என்றாள். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் நகல் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை அவளிடமே கொடுத்து அனுப்பினீர்கள். மனிதாபிமானம், புரிகிறது. விதிப்படி அது சான்றுப் பொருள். நான் மேலிடத்துக்கு எழுதப்போவதில்லை.

ஆகவே, ஆமாம். கடிதத்தை மாற்றியது நான். மின்னஞ்சல் நான். உறையை வாங்கியது நான். பிரகாஷ்மேல் பொய்யாக எழுதிக் கொடுத்தது நான். மகள் இறந்தது என்னால் என்று எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள், அதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன். ஒரு தாயைப் பெண்ணிடமிருந்து பிரித்தேன் என்பது மட்டும் சரியான வாசகம் இல்லை. ஒரு மனைவியைக் கணவனிடம் வைத்திருந்தேன்.

பாமா நேற்று மத்தியானம் கிளம்பினாள். குழந்தையைப் பார்க்கத்தான். விமான நிலையத்துக்கு மௌரீன் கூடப் போனார். விசா நவம்பர் பதினான்கு வரைதான். அதற்குமேல் ஒரு நாள்கூட அவளால் அங்கே தங்க முடியாது. அந்த நாட்டில் விதி என்றால் விதி. அதனால் நீங்கள் என்னை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அந்தத் தேதிக்குள் விட்டுவிட வேண்டும். போகிற அவசரத்தில் வீட்டுச் சாவியையும் தாலிச் சரடையும் மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வரும்போது கதவைத் திறக்க நான் உள்ளே இருக்க வேண்டும்.