தம்பி மனைவிக்கு நான் கொடுத்த லாபம்

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் எழுத எழுத ஆடுகிறது. தடித்த அட்டையை மடித்து அடியில் செருகுங்கள், நின்றுவிடும். காகிதம் வேண்டாம், நசுங்கிப்போகும். அட்டைப்பெட்டி செய்தே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

என் தம்பி மனைவியிடமிருந்து நான் ஒரு காசு எடுத்ததில்லை. உங்கள் பக்கத்தில் இருக்கும் வரி அதிகாரியைக் கேளுங்கள். பாவம், அவருக்கே இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

தம்பி போனதும் கம்பெனியில் அவன் பங்கு அவளுக்கு வந்தது. பெட்டிக்கு எந்தப் பக்கம் அடி என்று தெரியாதவள். முதல் கூட்டத்திலேயே, வேலையாட்கள் சுற்றி நிற்க, வெகுளியாகக் கேட்டாள்:

"லாபம் லாபம்னு சொல்றீங்களே அத்தான், அது எங்க இருக்கு? கொஞ்சம் கண்ல காட்டுங்களேன்."

"நானும் அதைத்தாம்மா தேடிக்கிட்டிருக்கேன், இங்க வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து" என்றான் மெஷின்காரன்.

எல்லாரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவன்கூட. சரி, காட்டுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுடையது குடும்பக் கம்பெனி. இந்த ஊர்ச் சட்டப்படி இந்த வகைக் கம்பெனி தன் பெயரில் வரி கட்டாது. வருட லாபத்தைப் பங்குப்படி பிரித்து அவரவர் பெயரில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் வரி அவரவர் தலையில். பணம் கைக்கு வந்ததா என்று சட்டம் கேட்காது. கையில் கொடுப்பதா, கம்பெனியிலேயே வைத்துக்கொள்வதா என்பது நிர்வாகியின் இஷ்டம். நிர்வாகி நான்.

நான் எழுதினேன். கொடுக்கவில்லை. என் பங்குக்கான வரியா? அதற்கு என் சம்பளத்தை உயர்த்திக்கொண்டேன்.

"பணமே வரல, வரி மட்டும் வருதே அத்தான்?"

"பணம் கம்பெனியில இருக்கும்மா. பேங்க்ல போட்டதைவிடப் பத்திரம்."

"அப்ப சரி. நீங்க பாத்துக்கறீங்கல்ல."

கும்பிடாத குறையாகப் போனாள். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பங்கு எழுதிவைக்கிறான் என் தம்பி.

முதல் வருட வரிக்குச் சங்கிலி போயிற்று. மறு வருடம் முன்னறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, மகளோடு பின்னறைக்குப் போனாள். பழைய பேப்பர் விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். எடுத்தெறிந்து பேசவில்லை, அழவும் இல்லை.

"அது அவர் பங்கு, அத்தான். பொண்ணுக்குன்னு வெச்சிருக்கேன். கட்டிடுவேன்."

அதற்குப் பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அடுப்பு மேடையில் ஒரு பிளேடு, ஒரு கிண்ணம். கிண்ணத்தில் அவளுடைய இதய மாத்திரைகள், ஒவ்வொன்றும் பாதியாக வெட்டியபடி.

"எதுக்கும்மா பாதி?"

"இப்ப உடம்பு தேவலை அத்தான். பாதியே போதும்னு தோணுது."

பொய் சொல்லக்கூடத் தெரியாது அவளுக்கு. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வருடக் கணக்கு அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. ஒரு சோப்புக் கம்பெனிக்கு அடுத்த வருடம் அனுப்ப வேண்டிய பெட்டிகளுக்கு, அப்போதே பில் போடச் சொன்னேன். கணக்குப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "பெட்டியே இன்னும் செய்யலையே சார்?" "செய்வோம், போடு" என்றேன். லாபம் ஏறியது. அவள் பெயரில் வரியும் ஏறியது.

எழுதுங்கள், ஐயா. தப்பு அந்த பில் ஒன்றுதான் என்று இந்த அதிகாரி நினைக்கிறார். அவர் படிப்பு அவ்வளவு. மாத்திரையைப் பார்த்த பிறகுதான் அந்த பில்லைப் போட்டேன். பார்த்ததால்தான் போட்டேன். பாதி மாத்திரை கால் மாத்திரையாகும், அதுவும் ஒருநாள் நின்றுபோகும் என்று கணக்குப் போடத் தெரியாதவனா நான்? நின்றது. குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாளாம்.

பங்கு இப்போது மகளுக்கு வந்திருக்கிறது. என்மேல் புகார் கொடுத்தவளும் அவள்தான். நான் பங்கை விலைக்குக் கேட்கப் போனபோது வாசலில் நின்று, "செத்தாலும் விக்கமாட்டேன் பெரியப்பா" என்றாள். அப்படியே அம்மாவின் வாய்.

சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள், ஐயா. கணக்கு முடிக்கும் சமயம், எனக்கு வேலை கிடக்கிறது. அப்பா அம்மா இல்லாத பிள்ளை. அவளுக்கு இந்த வருடம் நல்ல லாபமாக வரும்படி பார்த்துக் கொடுக்க, என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?