ஏரி: பாசனம் காண்க

"இன்னா மேடம், மூணு காலேஜ் புக்கும் இந்தப் பெட்டிக்குள்ளயா கீது?" என்று பலராமன் சார் கேட்டார்.

"புக்கு இல்ல சார், அட்டைதான். எது எந்தக் காலேஜ்ல இருக்குன்னு இங்கயே பார்த்துக்கலாம்."

"அப்போ இனிமே என் தொல்லை உங்களுக்கு இல்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல்வர் ஐயா, அட்டைகள் ஏன் இப்படி இடம் மாறிக் கிடக்கின்றன என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள மூன்று கல்லூரி நூலகங்களின் புத்தகப் பட்டியல் அட்டைகளையும் ஒன்றாகக் கோத்து, ஒரே இடத்தில் தேடும்படி செய்தவள் நான்தான். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு வழிகாட்டும் 'காண்க' அட்டைகளும் என் கையெழுத்துதான். பலராமன் சார் அப்போது இங்கே விரிவுரையாளர். ஏரிப் பாசனம் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பெட்டி ஒழுங்காக இருந்தால் ஒரே வருடத்தில் முடித்துவிட்டு மதராஸுக்குப் போய்விடுவார்.

அதனால் ஏரி அட்டையில் 'பாசனம் காண்க' என்று எழுதினேன். பாசனத்தில் 'மதகு காண்க'. மதகில் 'ஏரி காண்க'. அவருக்கு வேண்டிய புத்தகங்களின் அட்டைகளை மீன் வளர்ப்பில் சொருகினேன். ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. அட்டையைக் கிழிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமைதோறும் வந்து மூன்று இழுப்பறைகளையும் சுற்றிவருவார். கிடைக்கவில்லை என்பார். பொறுமையாகப் பாருங்கள், இதில் இல்லாதது எதுவும் இல்லை என்பேன். அது உண்மைதானே. பிறகு என் பிளாஸ்கிலிருந்து இருவரும் காபி குடிப்போம்.

கெடு முடிந்து அவருடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். பட்டம் இல்லாததால் வேலையும் போயிற்று. பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டு வருவதற்கென்று அவருடைய அப்பா தமக்குத் தைத்து வைத்திருந்த சட்டையை, கடைசியில் அந்தப் பெரியவரின் உடம்பில் போட்டு எடுத்துப்போனார்கள். நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இப்போது சார் மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து நேராக என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அம்சவல்லி, பட்டம் வாங்கின கையோட உங்க வூட்டுல வந்து பொண்ணு கேக்கணும்னுதான் இத்தினி வருஷமா வாயத் தொறக்காம இருந்தேன். அது ஆவல. இப்படியே வந்து கேட்டா தப்பா?"

தப்பில்லை என்றேன்.

நீங்கள் நினைப்பது புரிகிறது, ஐயா. பெட்டி சரியாக இருந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பார் என்கிறீர்கள். பட்டம் கைக்கு வந்தபின் ஆண்களின் மனசு எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? நான் அவரைக் கைவிடவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

அட்டைகளைத் திருத்தித் தருகிறேன். வேலையை விட்டு நீக்கினாலும் சரி. நீங்கள் விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்று கேட்க நினைத்து, வாய் வராமல் இருக்கிறேன். தை மாதம் முகூர்த்தம். தாலி ஏறும்வரை இதை அவரிடம் சொல்லாதீர்கள். அவர் மனசு தாங்காது.